ராணுவ வீரரின் மனைவி "நல்லா இருக்கேன்" என்று சொன்னால்...

"எப்படிம்மா இருக்கீங்க?"
"நல்லா இருக்கேன் டாக்டர். தலைவலி மட்டும்தான்."

ஆறு மாசத்துல நாலாவது தடவை. பிபி நார்மல். கண் நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல்.

கூட வந்த மாமியார் பெருமையா சொன்னாங்க: "மிலிட்டரிக்காரன் பொண்டாட்டி சார், ரொம்ப தைரியசாலி. ஒரு நாள் அழுது பார்த்ததில்ல."

எனக்கு அங்கதான் உறுத்துச்சு.

அடுத்த தடவை தனியா உட்கார வெச்சு டபிள்யூஹெச்ஓ-5 கேள்விகளைக் கேட்டேன். அஞ்சே கேள்விதான். கடந்த ரெண்டு வாரமா மனசு உற்சாகமா இருந்துச்சா, அமைதியா இருந்துச்சா, சுறுசுறுப்பா உணர்ந்தீங்களா, காலையில் தெம்பா எழுந்தீங்களா, அன்றாட வாழ்க்கையில் பிடிச்ச விஷயங்கள் இருந்துச்சா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க். கூட்டி நாலால் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு விசாரிக்கணும்.

"தைரியசாலி" எடுத்தது 28.

மனத்திண்மை என்றால் அழாமல் இருப்பது என்று நாம் நினைத்து வைத்திருக்கிறோம். அது இல்லை. விழுந்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதுதான் மனத்திண்மை. அப்படியானால் ஒரே ஒரு நாள் அளந்து அதை எப்படிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் இதைச் சரியாகச் செய்தது. 2,700க்கும் மேற்பட்ட ராணுவக் குடும்பங்களிடம் நாலு மாசத்துக்கு ஒருமுறை வீதம் மூணு வருஷம் கேட்டார்கள். அவர் பணிக்குக் கிளம்பும் முன், போயிருக்கும்போது, திரும்பிய பின். சராசரியாகப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்கள் மீண்டு வந்தன. நல்ல செய்திதான். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சராசரி இல்லையே!

இன்னொன்று. கணவர் லீவில் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். வந்த ரெண்டாவது வாரம் அந்தம்மா தூக்கமே இல்லைன்னு வந்தாங்க. "பேங்க், ஸ்கூல் ஃபீஸ், மாமனார் ஆபரேஷன் எல்லாம் ஒரு வருஷமா நான்தான் பார்த்தேன் டாக்டர். இப்ப கேஸ் சிலிண்டர் புக் பண்ணக்கூட ஏன் எதுக்குன்னு கேக்கறார்."

அவர் மேல தப்பு சொல்ல முடியாது. அவருக்கும் வீடு புதுசு.

சக மருத்துவர்களுக்கு: காரணம் பிடிபடாத தலைவலியோடு வரும் ராணுவ வீரரின் மனைவியிடமோ அம்மாவிடமோ இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிட்டுக் கேளுங்க. அவர் லீவில் வந்து திரும்பிப் போன பிறகும் ஒருமுறை கேளுங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

அந்தம்மா போன வாரம் 48. அடுத்த மாசம் மறுபடி வரச் சொல்லியிருக்கேன்.