விபத்து நடந்தால் யாரைப் பிடித்து உலுக்குவது?

விமானப்படையில் இருபத்தேழு வருடம் இருந்தவன் என்று யாராவது என்னை அறிமுகம் செய்து வைத்தால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "எந்த பிளேன் ஓட்டினீங்க சார்?" நான் ஓட்டவில்லை, ஓட்டியவர்களுக்கு வழி சொன்னேன் என்பேன். கேட்டவர் முகத்தில் லேசாக ஓர் ஏமாற்றம் தெரியும். சிலர், "ஓ, ரெண்டு கையிலயும் மட்டை வச்சுக்கிட்டு ஆட்டுவாங்களே, அதுவா?" என்பார்கள். அதுவும் இல்லை, அவர் மார்ஷலர். நான் கண்ட்ரோல் டவரிலும், ரேடார் இருட்டறையிலும் உட்கார்ந்திருந்த ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர்.

தாம்பரம், சேலையூர் பக்கம் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே தயார் செய்யும் பள்ளி இங்கே இருக்கிறது. ஒரே விமானம் திரும்பத் திரும்ப வட்டமடிக்கிறதே என்று மொட்டை மாடியில் வடகம் காயவைத்தபடி பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்தில் ஒரே சமயத்தில் நான்கைந்து பேர் இருப்பார்கள். யார் முன்னால், யார் பின்னால், யார் இறங்கலாம் என்று சொல்ல கீழே ஒருவன் வேண்டும்.

ராணுவ விமானதளத்தில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பயணிகள் விமானம் வேறு ஊருக்குப் போகவும், கொஞ்ச நேரம் காத்திருக்கவும் கணக்குப் போட்டு எரிபொருள் எடுத்து வரும். போர் விமானம் பயிற்சி முடித்துத் திரும்பும்போது கையிருப்பை நிமிடக் கணக்கில் எண்ண வேண்டும். ஸ்ரீநகர், லே, புனே, பாக்டோக்ரா போன்ற ஊர்களில் ஓடுபாதை விமானப்படையுடையது. அங்கே இறங்கும் பயணிகள் விமானங்களுக்கும் எங்கள் ஆட்கள்தான் வழி சொல்கிறார்கள். லே கிட்டத்தட்ட 10,700 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மதியத்துக்கு மேல் காற்று கெட்டுவிடும் என்பதால் பயணிகள் விமானங்கள் காலையிலேயே வந்து போய்விட முண்டியடிக்கும். ஒரு பக்கம் இருநூறு பயணிகள், இன்னொரு பக்கம் எண்ணெய் தீரப்போகும் ஒற்றை விமானி. யாரைக் காக்க வைப்பது என்று நாலு விநாடியில் முடிவு சொல்ல வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை, மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் ரேடார் பார்த்து விமானத்தைப் பேசியே கீழே இறக்குவது. கடைசிச் சில மைல்களில் விமானி பதில் பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டே வந்தால் போதும். நான் நிறுத்தாமல் பேசுவேன். கொஞ்சம் இடது, இப்போது சரி, சற்று உயரம் அதிகம், சரி. ஐந்து விநாடிக்கு மேல் மௌனம் கூடாது என்பது விதி. கண்ணுக்கு எதுவும் தெரியாத மனிதனுக்கு என் குரல்தான் கைப்பிடிச் சுவர்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த அறையில் பேசும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் முதல் வேலையாகப் பதிவைப் பூட்டி முத்திரை வைப்பார்கள், லாக் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கேட்கப்படும் முதல் கேள்வி எது என்பதில்தான் அடுத்த விபத்து தடுக்கப்படுமா என்பதே அடங்கியிருக்கிறது. "யார் செய்தான்?" என்பது ஒரு கேள்வி. "எப்படி நடக்க முடிந்தது?" என்பது இன்னொன்று. நம் ஊரில் முதல் கேள்வியோடு கடையைச் சாத்திவிடுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

1996 நவம்பர் 12-ஆம் தேதி மாலை ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி ஜம்போ 14,000 அடியில். டில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விமானி இறங்கியதுதான் காரணம் என்று நீதிபதி லகோட்டி விசாரணையில் முடிவானது. அது உண்மை. ஆனால் அந்த உண்மையோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டில்லி கண்ட்ரோலரின் ரேடார் அன்று விமானம் இருக்கும் இடத்தைத்தான் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானி "15,000" என்று சொன்னால் நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையில், எதிரும் புதிருமாகப் போயின. சுற்றியுள்ள வானத்தில் பெரும்பங்கு எங்கள் படையின் உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம். இரண்டாவது கேள்வியும் கேட்கப்பட்டதால்தான் பிறகு வருவதற்கும் போவதற்கும் தனித்தனிப் பாதை வந்தது, உயரம் காட்டும் ரேடார் வந்தது, மோதல் எச்சரிக்கைக் கருவி விமானங்களில் கட்டாயமானது. இன்று நீங்கள் பிள்ளையைப் பார்க்க டில்லிக்குப் பறக்கும்போது அந்தப் பலனை அனுபவிக்கிறீர்கள்.

முதல் கேள்வி மட்டும் கேட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே ஒரு ரஷ்ய விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கிலிருந்து அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றிரவு தனி ஆள். கூட்டாளி ஓய்வெடுக்கப் போயிருந்தார், அது அங்கே வழக்கமாகவே நடந்து வந்தது. பராமரிப்பு வேலைக்காகத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் வர வேண்டிய எச்சரிக்கையும் வேலை செய்யவில்லை. இரண்டு திரைகளை ஒரே ஆள் பார்த்தார். 2004 பிப்ரவரியில், அந்த விபத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் இழந்த ஒருவர் கண்ட்ரோலரின் வீட்டுக்கே போய் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். 2007-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. தீர்ப்பு வந்தபோது கண்ட்ரோலர் உயிரோடு இல்லை. பிள்ளைகளை இழந்தவரின் வலியை அளக்க நான் யார்? ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தனியாக விடப்பட்டவரும் பாதிக்கப்பட்டவர்தான்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? 2025 ஜூலை 8 காலை கடலூர் பக்கத்தில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட் கீப்பர் கைதானார். மக்கள் கோபத்தில் அவர் மீது பாய்ந்தார்கள். அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த கேட்டில் அன்று இன்டர்லாக் இருக்கவில்லை. இன்டர்லாக் இருந்தால் கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழாது. அது இல்லாத கேட்டில் ஒரு மனிதனின் ஞாபகமும் தூக்கமும்தான் பள்ளி வேனுக்கும் ரயிலுக்கும் நடுவே நிற்கின்றன. டீக்கடையில் கேட் கீப்பரைப் பற்றி எல்லாரும் பேசினோம். இன்டர்லாக் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

பூங்காவில் என்னோடு நடக்கும் ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஒருவர் இதற்கு ஒப்புக்கொள்ளமாட்டார். "வேலை போகும்ங்கிற பயம் இல்லன்னா எவன்யா ஒழுங்கா பார்ப்பான்?" என்பார். நியாயமான கேள்விதான். குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவனை, லாக் புத்தகத்தைத் திருத்தியவனை, தெரிந்தே விதியை மீறியவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் நல்லவனும் அசந்துபோவான். அந்த அசதியை அவன் வாய்விட்டுச் சொல்வானா, மறைப்பானா என்பதே கேள்வி. பயம் கவனத்தைக் கொடுக்காது, மறைக்கத்தான் சொல்லிக்கொடுக்கும்.

நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவன் இருந்தான். பறவை விரட்டும் ஜீப் ஓடுபாதையில் இருப்பதை மறந்து, விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுக்க வாயைத் திறந்தவன், கடைசி நொடியில் நிறுத்திக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை, எதுவும் நடக்கவில்லை. அவன் பேசாமல் இருந்திருக்கலாம். மாறாக, டியூட்டி முடிந்ததும் எங்கள் சாட்கோவிடம் போய் நடந்ததைச் சொன்னான். அந்தப் பெரியவர் அவனை உட்கார வைத்து டீ வரவழைத்தார். "நீ மறந்தா நாளைக்கு நானும் மறப்பேன்" என்றார். மறுநாள் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பலகை வந்தது. ஓடுபாதைக்குள் வண்டி போனால் அதை மைக்கின் மேலேயே வைத்துவிட வேண்டும். அதைத் தொட்டு எடுக்காமல் மைக்கைப் பிடிக்க முடியாது. இரண்டு ரூபாய் பலகை. நான் மாற்றலாகிப் போகும் வரை அது அங்கே இருந்தது. அவர் அன்று கத்தியிருந்தால் அடுத்தவன் யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டான், பலகையும் வந்திருக்காது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச விமானப் போக்குவரத்து விதியிலேயே எழுதியிருக்கிறது. குற்ற விசாரணை போலீஸும் நீதிமன்றமும் தனியாகச் செய்யட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

பேப்பரில் அடுத்த முறை ரயில், பஸ், ஆஸ்பத்திரி, பட்டாசு ஆலை என்று ஏதாவது விபத்துச் செய்தி வரும். "ஊழியர் கைது" என்ற வரியோடு மூடி வைக்காதீர்கள். அவர் எத்தனை மணி நேரமாக டியூட்டியில் இருந்தார், கூட ஆள் இருந்ததா, கருவி வேலை செய்ததா, இதே மாதிரி முன்பு நடந்து யாராவது சொல்லியிருந்தார்களா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் செய்தியில் இருக்காது. இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நம் வயதில் அதற்கு நேரம் இருக்கிறது.