ரெக்கார்டு நோட்டில் பைத்தான் வராது

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்து இன்று கல்லூரிப் பேராசிரியர்களாக இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகளும் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2017 பாடத்திட்டத்திலேயே முதல் பருவத்தில் எல்லாப் பிரிவினருக்கும் பைத்தானை வைத்தது. நல்ல முடிவு. ஆனால் வகுப்பில் நடப்பது என்ன? என் அக்கா பேத்தி ஒரு கல்லூரியில் சிவில் படிக்கிறாள். பலகையில் போட்டதை நோட்டில் எழுதுகிறாள். அதையே ரெக்கார்டில் அடிக்கோடு போட்டு அழகாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறாள். கணினியில் தட்டிப் பார்ப்பதுதான் கடைசி. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள்.

அவளிடம் ஒன்று கேட்டேன். முதல் வரி ஏ = 5. அடுத்த வரி பி = ஏ. மூன்றாவது வரி ஏ = 7. இப்போது பி எவ்வளவு? "ஏழு தாத்தா" என்றாள். ஐந்து என்பதுதான் விடை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறி என்றால் இரண்டு பக்கமும் சமம் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? நிரலில் அது "வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெட்டியில் போடு" என்ற கட்டளை. எக்ஸ் = எக்ஸ் + 1 என்பது கணக்கில் அபத்தம், நிரலில் அன்றாடம். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்காமல் பகா எண் நிரலை நூறு முறை எழுதினாலும் கையெழுத்துதான் திருந்தும்.

இதை அவிழ்க்க வழி இருக்கிறது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களிலேயே செய்தது. கேள்வியைப் போடு, ஒவ்வொருவரும் விடையைச் சொல்லட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி விடை சொல்லட்டும். நிரல் பாடத்தில் அதற்கு மேல் ஒரு வசதியும் உண்டு. இயக்கிப் பார்த்தால் கணினியே தீர்ப்புச் சொல்லிவிடும்! நம் பிள்ளைகளுக்கோ வகுப்பில் வாயைத் திறந்தால் அபராதம்.

இன்னொன்று. நிரலின் வரிகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் என்ற இருவர் 2006இல் எழுதிய முறை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "சொற்களை முறைப்படுத்தி எழுதுக" என்று மூன்றாம் வகுப்பில் உங்களுக்கு நான் அட்டை கொடுக்கவில்லையா?

"அறுபது பேர் சார், போர்ஷன் முடிக்கணும்" என்பீர்கள். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்தது. ஒரே அறையில் நான்கு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர் டிப்ளமா மட்டும் முடித்த நாங்கள் தரையில் உட்கார்ந்து நடத்தினோம். முனைவர் பட்டம் வாங்கிய உங்களுக்குப் புரொஜெக்டர் வேறு இருக்கிறது.

இதைவிட எனக்கு வருத்தம், பாடத்தில் அவர்கள் துறையே இல்லாதது. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் 1999 முதல் எல்லா மாணவரும் கணினிப் பாடம் படிக்க வேண்டும் என்றார்கள். கலை, கட்டடக்கலை, மேலாண்மைப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. 2003இல் மார்க் குஸ்டியால் படத்தையும் ஒலியையும் மாற்றுகிற நிரல்களாகப் பாடத்தையே மாற்றினார். தேர்ச்சி 85 விழுக்காடு அளவுக்கு ஏறியது. அங்கும் மொழி பைத்தான்தான், அதே சுழற்சிதான்.

நம் சிவில் பிள்ளைக்குப் படம்கூட வேண்டாம், கம்பி போதும். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. சைட்டில் மேஸ்திரிக்கே தெரிந்த கணக்கு. 8, 10, 12, 16, 20 என்று பட்டியல் கொடுத்து, சுழற்சி போட்டு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு கம்பி என்று கணக்கிடச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்கு, விலையையும் சேர்த்துவிட்டதாகச் செய்தி அனுப்பினாள்.

துறைத் தலைவர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு கோரிக்கை. ரெக்கார்டு நோட்டுக்கு நீங்கள் தரும் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். தவறு உள்ள நிரலைக் கொடுத்து, இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, எங்கே தவறு என்று பேசிக் கண்டுபிடித்தால் அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள். வருகிற பருவத்தில் ஒரே ஒரு பிரிவில் செய்து பாருங்கள்.