இரட்டை வளைவு

"பழசு மாதிரியே அச்சு அசலா எடுத்துட்டேனுங்க. எது புதுசுன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்றார் மேஸ்திரி. கோவை ஆர்.எஸ்.புரத்தில் 1950களில் எழுந்த வீடு அது. தெருமுனையில் வளைந்து திரும்பும் வராந்தா, அந்த வளைவோடு ஓடும் ஒற்றை சன்ஷேடு. வீட்டுக்கு முகமே அதுதான். இப்போது மேற்குப் பக்கமும் அதே அளவில் இன்னொரு வளைவு. எது புதுசு என்று எனக்குத் தெரியவில்லை. எது பழசு என்பதும் மறைந்துபோயிருந்தது.

பழைய வீட்டை ஒட்டிக் கட்டினால் அதைப் போலவே கட்டுவதுதான் மரியாதை என்று வீட்டுக்காரர் முதல் இன்ஜினியர் வரை நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. நல்ல வீடுகளை அன்போடு கெடுக்கிறது.

1950களின் அந்த வீடுகள் தமக்கு முந்தைய வீடுகளைப் பார்த்துக் கட்டியவை அல்ல. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மதுக்கரையில் சிமென்ட் கிடைத்தது. தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்தவர்கள் ஓட்டுக்கூரையை விட்டு கான்கிரீட்டுக்கு வந்தார்கள். தாத்தா வீட்டைப் போலவே கட்டுவதுதான் மரியாதை என்று அவர்களும் நினைத்திருந்தால், இன்று நாம் காப்பாற்றப் பார்க்கும் வீடே இருந்திருக்காது.

ஏசிபி என்னும் அலுமினியத் தகடு ஒட்டிய பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் கட்டடக்கலைஞர் பிலிப் ஜான்சன் 1949இல் தனக்கென ஒரு கண்ணாடி வீடு கட்டினார். பிறகு இடம் தேவைப்பட்டபோது அதன்மேல் கை வைக்கவில்லை. 1965இல் ஓவியக்கூடத்தைத் தள்ளி, மண்மேட்டுக்குள் புதைத்தாற்போல் கட்டினார். புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964இன் வெனிஸ் சாசனமும் சொல்கிறது.

நம் ஊருக்கு மண்ணும் ஒரு காரணம். கோவையில் பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பழைய அஸ்திவாரம் என்றைக்கோ இறங்கி நின்றுவிட்டது, புதுசு இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் ஒரே சுவராக்கிப் பூசினால் நடுவில் பிளக்கும். அந்த வீட்டிலும் இரண்டு வளைவும் சேரும் இடத்தில், சன்ஷேடிலிருந்து தரைவரை முடியளவு விரிசல், அதையொட்டிப் பழுப்பு நீர்க்கறை. புதுக்கட்டைப் பின்னால், சன்ஷேடுக்குக் கீழே அடங்கும் உயரத்தில், தனி அஸ்திவாரத்தில் எழுப்பியிருக்கலாம். நடுவே இடைவெளி விட்டு, லேசான கூரை போட்ட நடை ஒன்றால் இணைத்திருக்கலாம். அந்த இடைவெளி வழியே காற்றும் வந்திருக்கும்.

உள்ளே போனேன். ஆனி மாதம், வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது. அறையில் ஃபேன் ஓடியது. மேற்கு ஜன்னல் இருந்த இடத்தில் புதுக்கட்டின் சுவர். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆத்தா, "இந்த ஊட்டுக்கு வந்த நாளா நான் ஃபேன் போட்டதில்ல கண்ணு" என்றார்.