'பாஸ்' என்று வந்தால் போதாது, மார்க்கைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதன் பிறகு ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் லினக்ஸுக்கு மாறிவிட்டீர்கள். சிலர் கையில் இருப்பது 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப். மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் லினக்ஸ் போட்டால் மென்பொருள்தான் புதிதாகும். உள்ளே சுற்றுகிற ஹார்டு டிஸ்க்குக்கு வயது குறையாது.

வாரம் ஒருவராவது போன் செய்கிறீர்கள். "சார், டிஸ்க் செக் பண்ணேன், பாஸ்னுதான் வருது. ஆனா போட்டோ திறக்க மாட்டேங்குது, சிஸ்டம் தொங்குது." என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த 'பாஸ்' என்ற ஒரு வரியை நம்பாதீர்கள்.

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும். அந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற கருவி அந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுகிறது. ஆனால் பாஸா பெயிலா என்று முடிவு சொல்வது டிஸ்க்கேதான். பாஸ் மார்க் எவ்வளவு என்று வைத்தவர் அதைத் தயாரித்த கம்பெனிக்காரர். மாணவனே தன் பேப்பரைத் திருத்திக்கொண்டால் எப்படி இருக்கும்? நம் ஊரில் 35 எடுத்தாலும் பாஸ், 95 எடுத்தாலும் பாஸ். ரேங்க் கார்டு வந்தால் அப்பா அம்மா கையெழுத்துப் போடும் முன் பாடவாரியாக மார்க்கைப் பார்ப்பார்கள் அல்லவா? அதைத்தான் இங்கேயும் செய்யவேண்டும்.

டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் விவரத்துக்குப் போங்கள். பட்டியலில் 5, 197, 198 என்ற மூன்று எண்களைத் தேடுங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள். 198 என்பது சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. மூன்றும் பூஜ்யமாக இருக்கவேண்டும். பூஜ்யம் இல்லாமல், அடுத்த வாரம் பார்க்கும்போது எண் ஏறியும் இருந்தால், மேலே 'பாஸ்' என்று இருந்தாலும் அந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

வீண் பயமும் வேண்டாம். சீகேட் டிஸ்க்குகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் வரும். அவர்கள் கணக்கு வைக்கும் முறை அப்படி. 199-ஆம் வரி ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் கோளாறு. கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது மாற்றுங்கள். பழைய எண் குறையாது, ஆனால் மேலே ஏறாமல் நின்றால் சரி. யு.எஸ்.பி. பெட்டியில் போட்ட டிஸ்க்குக்கு விவரமே வராவிட்டால் டிஸ்க் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுவில் இருக்கும் சிப் கேள்வியைக் கடத்தவில்லை. டெர்மினலில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையோடு டி, சாட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பல பெட்டிகளில் வந்துவிடும்.

அதே இடத்தில் நீண்ட சோதனை என்று ஒன்று உண்டு. சில மணி நேரம் ஓடும், எதையும் அழிக்காது. இரவு சார்ஜரில் போட்டு, லேப்டாப் தூங்கிவிடாதபடி வைத்துவிட்டுப் படுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் நிம்மதியாகிவிடலாமா? கூடாது என்கிறேன். 2007-இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. எண் ஏறினால் ஆபத்து என்பது உண்மை. ஏறாவிட்டால் ஆபத்தில்லை என்பது உண்மையல்ல. எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்கும் இதே பேச்சுதான். அது பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு வீட்டுக் கல்யாணப் படங்கள் ஒரே டிஸ்க்கில் இருந்தன. காலையில் பார்த்தபோது 'பாஸ்', மாலையில் டிஸ்க்கே தெரியவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தார். தாலி கட்டிய நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் தாத்தா கல்யாணம் முடிந்த மாதமே காலமாகிவிட்டார்.

ஆகவே ஒரு பிரதி போதாது. இரண்டாவது பிரதியும் அதே பீரோவில் இருந்தால் அதுவும் போதாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அந்தத் தண்ணீருக்கு ஒரிஜினல் எது, காப்பி எது என்று தெரியாது. ஒரு பிரதி வேறு ஊரில் அக்கா வீட்டிலோ, கிளவுடிலோ இருக்கட்டும். சாதிச் சான்றிதழ், பத்திரம், மார்க் ஷீட் ஸ்கேன், இறந்துபோன பெரியவர்களின் படம், குரல் பதிவு ஆகியவற்றை முதலில் எடுங்கள். சினிமாவைப் பிறகு பார்க்கலாம்.

ஒன்று முக்கியம். எண் ஏறியிருப்பது தெரிந்தால் முதலில் பிரதி எடுங்கள், பிறகு சோதனை செய்யுங்கள். நோயாளியை ஓடவிட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, 5, 197, 198 என்ன வந்தது என்று கமெண்டில் போடுங்கள். 'பாஸ்' என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் சார்