விரல் மேல் பழி போடாதீர்கள்

இளையராஜா பாட்டுகளில் அடியில் ஓடுகிற பேஸ் கிடார் மேல் என் பேரனுக்குப் பைத்தியம். சென்ற ஆண்டு பழைய கிடார் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மூன்றே மாதத்தில் விரல் நுனி கன்றிப்போய், அதை உறையில் போட்டு மூலையில் சாத்திவிட்டான். "அவனுக்கு இது வராது மாமா, வந்த விலைக்கு வித்துடலாம்" என்றாள் மருமகள். சொல்லிக் கொடுத்தவரும் கையில் பலம் போதாது என்று தீர்ப்பு எழுதியிருந்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நெய்வேலியில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் நண்பர் மகனை வரச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக் கிடாரின் கழுத்தை நோட்டம் விட்டார். பிறகு சின்ன இரும்பு ஸ்கேலை 12-ஆவது மெட்டின் மேல் நிறுத்தினார். தந்தி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. "இதை என்னாலயே அரை மணி நேரம் வாசிக்க முடியாதுங்க ஐயா. ரெண்டரை இருந்தா போதும்" என்றார்.

அவர் செய்தது இதுதான். நாலு தந்திகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய ஓர் ஆளின் எடை அளவுக்கு இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்கக் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதன் முனையைக் கால் சுற்று மட்டும் திருப்பி, வளைவைச் சரி செய்தார். அடுத்து குதிரையை இறக்கப் பார்த்தார். அது ஏற்கெனவே அடியைத் தொட்டிருந்தது. ஆக, கோளாறு கழுத்தின் சாய்வில்.

1951-இல் லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் கொண்டுவந்த பேஸ் கிடாரில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டவில்லை, திருகாணியால் முடுக்கினார். எங்கள் கிடாரும் அந்த வகைதான். நாலு திருகாணியைக் கழற்றி, கழுத்து உட்காரும் பள்ளத்தில் குதிரைப் பக்கத்து ஓரமாக ஒரு விசிட்டிங் கார்டு துண்டை இரண்டாக மடித்து வைத்தார். கழுத்து இம்மியளவு பின்னால் சாய்ந்தது. அரை மில்லிமீட்டர் கனம், 12-ஆவது மெட்டில் தந்தியை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறக்கிவிட்டது. மேலும் இறக்கலாமே என்றேன். "அப்புறம் தந்தி மெட்டில் பட்டு இரையும்" என்றார்.

இது ஏதோ மேல்நாட்டு நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும். மறுபடி மேளம் கட்டுவார்கள். அதற்காக யாரும் வீணையை விற்பதில்லை.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வயலினுக்குள் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே ஒரு சின்ன மரக்குச்சி, பசை இல்லாமல் அழுத்தத்திலேயே நிற்கும். அது சற்று நகர்ந்தால் நாதமே மாறும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஆம்'. நம் 'ஆம்' அல்ல. ஆன்மா என்று பொருள். நம்மவர்களோ தம்பூராவின் குதிரை மேல் வைக்கும் நூலை 'ஜீவா' என்கிறார்கள். இரண்டு ஊர்க்காரர்களுக்கும் உயிர் இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது.

என் கட்சி இதுதான். வாத்தியம் விற்கிறவர்கள் தந்தி உயரத்தைச் சரி பார்த்துக் கொடுக்க வேண்டும். கற்றுக் கொடுப்பவர்கள் பிள்ளையைக் குறை சொல்லுமுன் ஒரு ஸ்கேலை எடுத்து அளக்க வேண்டும். நாமோ, நூறு ரூபாய் வேலைக்குச் சோம்பி, ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கியதை மூலையில் போடுகிறோம். பணம் போனால் போகட்டும். 'எனக்கு வராது' என்று ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் முடிவு கட்டிவிட்டால், அதை எந்தத் திருகாணியால் திருத்துவது?

நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெந்து கோணியது கோணியதுதான்; உடைத்துப் போட வேண்டும். மரம் அப்படியில்லை, பிள்ளைகளும் அப்படியில்லை.

நேற்று மாலை பேரன் முக்கால் மணி நேரம் வாசித்தான். பாட்டு எதுவென்று இன்னும் பிடிபடவில்லை. விரலைப் பார்த்தேன், சிவக்கவில்லை.