முன் ஆக்ஸில் என்ன பாவம் செய்தது?

போன வாரம் குன்னூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். ரிட்டயர் ஆன எஸ்டேட் மெக்கானிக்குக்கு வேறு போக்கிடம் ஏது? பழைய ஜீப் ஒன்று ஜாக்கியில் நின்றது. முன் டிஃபரன்ஷியலில் லாக்கர் வைக்கிறார்களாம். "ஷாஃப்ட், கிராஸ் எல்லாம் மாத்தியாச்சா?" என்றேன். "பழசே நல்லா இருக்கு அங்கிள்" என்றான் வண்டிக்காரத் தம்பி. அங்கே பாதிச் சண்டை போட்டேன். மீதி இங்கே.

நான் லாக்கருக்கு எதிரி இல்லை. ஆடி மழையில் கொழுந்து மூட்டையோடு செம்மண் சேற்றில் வண்டி மாட்டி, ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மறு சக்கரம் அசையாமல் நிற்பதை முப்பது வருஷம் பார்த்தவன். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் தரும். சேற்றுச் சக்கரம் எவ்வளவு கொஞ்சம் வாங்குகிறதோ, கல்மேல் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான். வண்டி நகராது, ஆக்ஸிலும் உடையாது. வீட்டு ஃபியூஸ் மாதிரி அந்த வழுக்கல்தான் ஷாஃப்டைக் காப்பாற்றுகிறது. லாக்கர் போடுவது ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மொத்தக் கம்பி சுற்றுவது போல. முன்பக்கம் வரும் விசை முழுக்கப் பிடிப்புள்ள ஒரே ஷாஃப்டில் இறங்கும்.

எவ்வளவு விசை? பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் ஃபர்ஸ்ட் கியர் 2.8, லோ கியர் 2.46, க்ரவுன் பினியன் 5.38. பெருக்கிப் பாருங்கள், 37 வரும். எஞ்சினின் முறுக்கு 37 மடங்காகிறது. நாலு சக்கரமும் பங்கு போட்டுக்கொள்ளும் என்று நம்பிச் செய்த ஷாஃப்ட் அது.

பின் ஆக்ஸில் நேரான கம்பி, தாங்கும். முன் ஆக்ஸிலுக்கு முட்டி உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அந்தக் கிராஸ் அதிகக் கோணத்தில் வேலை செய்யும்; அப்போதுதான் அது மிகவும் பலவீனம். நம் எஸ்டேட் ரோட்டில் வண்டி திருப்ப இடமேது? ஸ்டியரிங்கை ஒடித்து, ரிவர்ஸில் மேட்டில் ஏற்றுவோம். ரிவர்ஸில் ஏறும்போது பாரம் முன் ஆக்ஸில்மேல் சாயும். பெரிய டயர் வேறு மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் வேலையில் இருந்தபோது ஒருவர் காசை மிச்சம் பிடிக்க முன் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்தே அடைத்துவிட்டார். லைன் வீட்டுப் பக்கம் ரிவர்ஸில் மேடேறும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். உடைந்த கிராஸ் முட்டிக்குள் சிக்கி ஸ்டியரிங் திரும்பவில்லை. பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆறு பேர். தேயிலைச் செடியில் போய் இடித்து நின்றது. செடி இல்லாத பக்கம் கிடுகிடு பள்ளம்.

"ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னாலும் லாக் இருக்கே?" என்கிறான் தம்பி. இருக்கிறது. லாக்கோடு சேர்த்தே கம்பெனி அந்த ஆக்ஸிலையும் பார்த்துப் பொருத்தியது. உன் வண்டியில் பார்த்தது யார்? 2015-இல் வந்த தார் ஜீப்பில் மஹிந்திராவே லாக்கரைப் பின்னால் மட்டும்தான் வைத்தது. பிடிவாதமாக முன்னால்தான் வேண்டுமென்றால் முதலில் நல்ல எஃகு ஷாஃப்ட், கனமான கிராஸ், விரிசல் பார்த்த ஹவுசிங், அப்புறம் லாக்கர். அதுவும் வேண்டாதபோது அணைக்க முடிந்த லாக்கர். பூட்டிய முன்சக்கரத்தோடு கொண்டை ஊசி வளைவில் திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

பணம் இல்லையா, பின்னால் மட்டும் போடு. ஊட்டி மழைக்கு அதுவே தாராளம்.

ஜீப் இன்னும் ஜாக்கியில்தான் நிற்கிறதாம். நாளைக்கும் போவேன்.