ஊருக்கு வராத கார்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகிற ரோடு தெரியும்தானே? சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலை அடிவாரம், காடு, ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை, மழை பெய்தால் அருவி. அந்த ரோட்டில் ஓடுவதெல்லாம் டவுன் பஸ், டிராக்டர், டிவிஎஸ் எக்ஸ்எல். நிஸான் ஸ்கைலைன் அந்தப் பக்கம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அங்கிருந்து வளைகுடாவுக்குப் போன ஒரு பையனின் செல்போனைத் திறந்தால் வால்பேப்பரில் அதுதான் நிற்கும்!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை.. இந்தத் தோல் ஊர்களில் ஒரு தெருவில் நாலு வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது "பையன் வெளிநாட்டுல இருக்கான்" என்பார்கள். உள்ளூரில் ஷூ கம்பெனி சம்பளம் போதவில்லை என்றால் அடுத்த வழி பாஸ்போர்ட். அப்படிப் போனவர்களில் ஒரு கூட்டத்துக்கு ஜப்பான் கார் என்றால் உயிர். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து 'நீட் ஃபார் ஸ்பீட்' ஆடிய காலத்திலேயே பிடித்த பைத்தியம் அது. 2001இல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படம் அதை முற்ற வைத்தது.

அப்படி என்ன இருக்கிறது அந்தக் கார்களில்? ஃபெராரி, லம்போர்கினியைப் பார்த்தால் நமக்குக் கும்பிடத்தான் தோன்றும். ஜப்பான் கார் அப்படி இல்லை. டொயோட்டா, நிஸான், ஹோண்டா, மாஸ்டா எல்லாம் சாதாரண ஆள் ஓட்டும் கார் செய்கிற கம்பெனிகள். அதே கம்பெனிகள்தான் 1989இல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, 1993இல் நான்காம் தலைமுறை சுப்ரா என்று கொண்டுவந்தன. அப்போது ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தன. எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் சொல்வதில்லை என்று! 2004 வரை அது நீடித்தது. ஆனால் என்ஜினைச் செய்தவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. சுப்ராவின் மூன்று லிட்டர் என்ஜினைத் திறந்து டர்போவை மாற்றினால் இரண்டு மடங்கு சக்தி கூட வாங்கலாம். அதாவது, கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் காரில் ஒரு வேலை மிச்சம் வைத்திருந்தார்கள். மெக்கானிக் பையன் ஏன் அதைக் காதலிக்க மாட்டான்?

சரி, விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவன் காருக்கு ஆசைப்படலாமா?

ஊரில் கேட்டால் ஒரே பதில்தான். "தங்கச்சி கல்யாணம் இருக்கு, வீடு ஓட்டு வீடாவே கிடக்கு, இவனுக்கு காரு கேக்குதா?" ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் கடன் அடைந்து, கல்யாணம் முடிந்து, மாடி கட்டி, பத்து வருஷம் பெட் ஸ்பேஸில் ஒரு கட்டிலும் ஒரு சூட்கேசுமாக வாழ்ந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டால்? மாதாமாதம் பணம் அனுப்புகிறவனும் மனுஷன்தான். அவனுக்கும் ஒரு ஆசை இருக்கக்கூடாதா? ஏடிஎம் மெஷினுக்குத்தான் ஆசை கிடையாது.

அதே சமயம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில், எல்லோருக்கும் ஸ்டியரிங் கிடைப்பதில்லை. குவைத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு டிரைவிங் லைசென்ஸ் வேண்டுமென்றால் 600 தினார் சம்பளம், பட்டப்படிப்பு, இரண்டு வருஷக் குடியிருப்பு என்று 2010களில் விதி போட்டார்கள். சில தொழில்களுக்கு மட்டும் விலக்கு. லேபர் கேம்ப் பஸ்ஸில் போகிறவனுக்கு ஜிடி-ஆர் என்பது ஜன்னல் வழியாகக் கடந்துபோகும் சத்தம் மட்டும்தான். சிங்கப்பூரில் கதை வேறு. அங்கே காருக்கு முன்னால் சிஓஇ சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷம்தான் செல்லும். 2023இல் அந்தச் சான்றிதழ் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது.

இரண்டாவது, கடன். கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று படிக்கிறோமே, அதற்குக் காரை விட நல்ல உதாரணம் கிடையாது. அரிதான சில மாடல்களின் விலை ஏறியிருக்கலாம். அவை சேகரிப்பாளர்களின் கையில் இருக்கின்றன. தவணையில் வாங்கும் சாதாரண கார் வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்கும், தவணை இறங்காது. வேலை போனால் விசா போகும். ஆனால் கடன் போகாது. வளைகுடாவில் கடன் பாக்கி வழக்காக மாறினால் பயணத் தடை வரும். ஊருக்கும் திரும்ப முடியாது, அங்கே வேலையும் பார்க்க முடியாது. காசில்லாமல் செக் திரும்பினாலே குற்ற வழக்கு என்றிருந்த அமீரகத்தில் 2022 ஜனவரியிலிருந்துதான் அது ஓரளவு தளர்ந்தது. ஆசைக்காக அந்த வலையில் விழுவது ஆசையே அல்ல, அவஸ்தை.

மூன்றாவதுதான் பெரிய சோகம். அந்தக் கார் ஊருக்கு வராது!

ஜப்பானில் நம்மைப் போலவே வலது பக்க ஸ்டியரிங். அங்கே புதுக் காருக்கு மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் 'ஷாக்கென்' என்ற கடுமையான பரிசோதனை உண்டு. செலவு ஏற ஏற, நல்ல நிலையில் இருக்கும் கார்களையே விற்றுவிடுகிறார்கள். அவை கப்பல் ஏறி துபாய் ராஸ் அல் கோர் பக்கமுள்ள கார் மண்டலத்துக்கு வந்து, அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. இலங்கைக்கு ஜப்பானிலிருந்தே போகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடுவதில் பெரும்பங்கு அப்படிப் போன ஜப்பான் கார்கள்தான். 2020இல் இலங்கை இறக்குமதியை நிறுத்தியது, 2025 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. இந்தியாவுக்கு மட்டும் வராது. பழைய கார் என்றால் மூன்று வயதுக்கு மேல் கூடாது, வலது ஸ்டியரிங் வேண்டும், வரியோ கார் விலையையே தாண்டும். வளைகுடாவில் ஓட்டிய காருக்கோ இடது ஸ்டியரிங். 'கார்னெட்' எடுத்து ஆறு மாதம் கொண்டுவந்து ஓட்டிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். அதற்கும் காசு இருக்க வேண்டும்.

அப்படியானால் எது ஊருக்கு வரும்? இங்கே ஒரு தமிழரை நினைத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரில் இருந்தது டொயோட்டா என்ஜின் என்பது பலருக்குத் தெரியாது. ஃபார்முலா 1 முடிந்ததும் அவர் வீட்டில் உட்காரவில்லை. 2014 முதல் 2018 வரை ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். 2019இல் சூப்பர் ஜிடி பந்தயத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ். அந்த வருஷம் நவம்பரில் ஃபியூஜி மைதானத்தில் ஜப்பான் கார்களும் ஜெர்மன் டிடிஎம் கார்களும் மோதிய போட்டியில், இரண்டாவது பந்தயத்தை ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 42! ஊருக்குத் திரும்பி என்ன செய்தார்? டிரைவ்எக்ஸ் என்று பழைய டூவீலர் வியாபாரம் ஆரம்பித்தார். 2022இல் டிவிஎஸ் அதில் சுமார் 48 சதவீதப் பங்கை வாங்கியது. என்எஸ்எக்ஸ் ஜப்பானிலேயே இருக்கிறது. வண்டியைப் பற்றிய அறிவு அவரோடு வந்துவிட்டது.

"அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, அப்பாவே ராலி ஓட்டியவர், அமிர்திப் பையனும் அவரும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். பந்தயக்காரராக எல்லோராலும் முடியாது. ஆனால் ஷார்ஜா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவனின் கையிலும் அதே மாதிரி ஒன்று சேர்கிறது. துபாய் டாக்சிகளில் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் வருஷக்கணக்காக ஓடுகிறது. அதன் பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் பிரித்து மாட்டியவனுக்கு, 2022இல் இங்கே அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் புதிர் கிடையாது. வாரண்டி முடிந்து அந்த வண்டிகள் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு வரும் காலத்தில், ஆம்பூர் ஹைவேயில் அந்த வேலை தெரிந்தவன் எத்தனை பேர் இருப்பான்? இங்கே கம்பெனி கொடுத்த வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019இல் சொல்லிவிட்டது. ஆகவே டர்போ மாட்டும் கடை போட முடியாது. ஆனால் ரிப்பேர் தெரிந்த கைக்கு எந்தத் தடையும் இல்லை.

வேகம் வேண்டுமா? ஆம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் அதே ஹைவேயில்தான் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. 1990லிருந்து ஓடுகிறது. ஹைவேயில் ஓட்டி உயிரை விட வேண்டியதில்லை.

ஆக, வெளிநாட்டில் இருப்பவன் ஜப்பான் காரை ஆசைப்படட்டும். கடன் அடைந்த பிறகு, கையிருப்பில் வாங்கட்டும். வாங்க முடியாவிட்டால் பானெட்டைத் திறந்து கற்றுக்கொள்ளட்டும். ஊரில் இருப்பவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை போன் வரும்போது "எவ்வளவு அனுப்புற?" என்று ஆரம்பிக்காமல், "என்ன வண்டிப்பா இப்ப பாக்குற?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவான்!

பி.கு: காருக்கு ஆசைப்பட்டவனைத் திட்டும் அதே வீட்டில், அவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய புல்லட் வாசலில் நிற்கும். அதற்குத் தேய்மானம் யாரும் போடுவதில்லை.